குகையில் விளைந்த வெடியுப்பு



ஏழாம் வகுப்பில் 1812ஆம் ஆண்டுப் போரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். உங்களில் பலரைப் பள்ளிக்கூடத்திலிருந்து யோர்க் கோட்டைக்கும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கார்டினர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற அந்தப் பழைய கோட்டைதான். அங்கே சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் பழைய காலத்துத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டுவார். "டப்" என்று ஒரு சத்தம். பிறகு வெள்ளைப் புகை. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அந்த வெடிமருந்து எங்கேயிருந்து வந்தது என்று நான் பள்ளியில் படித்த காலத்தில் யோசித்ததே இல்லை. பிறகு பொறியியல் படித்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. விடையைத் தேடிப் போனால் அது இரண்டு குகைகளில் போய் நின்றது. ஒன்று அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் இருக்கிறது. மற்றது இலங்கையில், கண்டிக்கு அப்பால் உள்ள மலைகளில் இருக்கிறது. இந்த முறை அந்த இரண்டு குகைகளின் கதை.

யோர்க்கில் நடந்த வெடிப்பு

1813 ஏப்ரல் 27. ரொறன்ரோவுக்கு அப்போது யோர்க் என்று பெயர். சில நூறு பேர் வாழ்ந்த சின்ன ஊர். அமெரிக்கப் படை ஏரி வழியாகக் கப்பல்களில் வந்து இறங்கியது. பிரித்தானியப் படையும் உள்ளூர்ப் படையும் அவர்களோடு சேர்ந்து நின்ற முதற்குடி மக்களும் எதிர்த்துப் போராடினார்கள். ஆனால் ஆள் பலம் போதவில்லை. பின்வாங்க முடிவு செய்த பிரித்தானியத் தளபதி ரோஜர் ஷீஃப், கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு எதிரியின் கையில் கிடைக்கக் கூடாது என்று அதற்குத் தீ வைக்கச் சொன்னார்.

கிடங்கு வெடித்தது. கல்லும் மரமும் வானத்துக்குப் போய், கோட்டைக்கு வெளியே காத்திருந்த அமெரிக்கப் படையின் தலையில் விழுந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அவர்களுடைய தளபதி ஜெபுலன் பைக்கும் அன்று இறந்தார். இன்றுவரை ரொறன்ரோ மண்ணில் நடந்த மிகப் பெரிய வெடிப்புகளில் அது ஒன்று.

அந்தக் காலத்து வெடிமருந்தில் மூன்று பொருள்கள்தான் இருந்தன: மரக்கரி, கந்தகம், வெடியுப்பு. முதல் இரண்டும் எரியும். மூன்றாவது எரியாது, ஆனால் அதற்குள் ஒட்சிசன் அடைபட்டிருக்கும். சூடு பட்டதும் அந்த ஒட்சிசனை வெளியே விடும். அதனால்தான் காற்றே இல்லாத துப்பாக்கிக் குழாய்க்குள்ளும் மருந்து எரிகிறது. கலவையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்புத்தான். அது இல்லையென்றால் மிச்சம் வெறும் கரித்தூளும் மஞ்சள் தூளும்.

வெடியுப்பு என்பது நல்ல தமிழ்ச் சொல். வெடிக்கு உதவும் உப்பு. சித்த மருத்துவத்திலும் இதற்கு இடம் உண்டு. சிங்களத்தில் இதை "வெடிலுணு" என்பார்கள். லுணு என்றால் உப்பு. இரண்டு மொழிக்காரரும் ஒரே மாதிரித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இரசாயனப் பாடத்தில் இதன் பெயர் பொற்றாசியம் நைத்திரேற்று.

சுவரில் பூக்கும் உப்பு

குகைக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய வீடு என்றால், சுவரின் கீழ்ப் பக்கத்தில் வெள்ளையாக மா பூசினது போல ஏதாவது இருக்கலாம். அம்மா அதைப் பூஞ்சணம் என்று நினைத்துத் துடைத்திருப்பார். பல வீடுகளில் அது பூஞ்சணம் இல்லை, உப்பு. மண்ணில் உள்ள ஈரம் சுவருக்குள் ஊறி வருகிறது. வரும் வழியில் கல்லிலும் சீமெந்திலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் காற்றில் போய்விடுகிறது. உப்பால் போக முடியாது. அது அங்கேயே படிகமாகித் தங்கிவிடுகிறது.

குகைகளிலும் இதுதான் நடக்கிறது. சுண்ணாம்புக்கல் என்பது ஏற்கெனவே இருக்கும் பாறை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. கரைந்தது வேறொரு இடத்தில் மறுபடி படிகிறது. இப்படிப் பழைய பாறையிலிருந்து புதிதாகப் பிறக்கும் பொருளை இரண்டாம்நிலைக் கனிமம் என்பார்கள். குகையின் கூரையிலிருந்து தொங்கும் கல் ஊசிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவையும் இரண்டாம்நிலைக் கனிமம்தான். பெரும்பாலும் அவை கல்சைற்று.

உலகக் குகைகளில் இதுவரை 250க்கும் மேற்பட்ட இரண்டாம்நிலைக் கனிமங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் கல்சைற்று, அரகோனைற்று, ஜிப்சம் என்ற மூன்றும்தான் எங்கும் நிறையக் கிடைக்கும். மற்றவற்றில் பல மிக அரிதானவை. ஏன் அரிது? ஒவ்வொன்றுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் பொருந்தி வர வேண்டும். வெடியுப்புக்கு மூன்று நிபந்தனைகள்.

மூன்று நிபந்தனைகள்

முதலாவது, நைதரசன் வேண்டும். வெறும் சுண்ணாம்புக்கல்லில் அது கிடையாது. உயிருள்ள ஏதாவது அதைக் குகைக்குள் கொண்டுவர வேண்டும். பல இடங்களில் அந்த வேலையை வௌவால்கள் செய்கின்றன. இரவு முழுக்கப் பூச்சிகளைத் தின்றுவிட்டு வந்து, பகலில் குகைக் கூரையில் தொங்கியபடி எச்சமிடுகின்றன. அந்த எச்சத்தில் உள்ள நைதரசனை மண்ணில் வாழும் பக்ரீரியாக்கள் படிப்படியாக நைத்திரேற்றாக மாற்றுகின்றன. முதலில் ஒரு வகைப் பக்ரீரியா, பிறகு இன்னொரு வகை.

வௌவால் இல்லாத குகைகளிலும் நைத்திரேற்று கிடைத்திருக்கிறது. குகைக்கு மேலே இருக்கும் காட்டு மண்ணில் உருவான நைத்திரேற்று, நீரோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிக் குகைச் சுவருக்கு வருகிறது என்று 1981இல் கரோல் ஹில் என்ற குகை ஆராய்ச்சியாளர் விளக்கம் கொடுத்தார். அப்படியென்றால் காடே அந்தக் குகைக்கு உப்பு அனுப்புகிறது.

இரண்டாவது, அந்த நைத்திரேற்றுக்கு ஒரு துணை வேண்டும். சுற்றியுள்ள பாறையில் எது கரைகிறதோ அதோடுதான் அது சேரும். சுண்ணாம்புக்கல்லில் கல்சியம் நிறைய இருப்பதால் பெரும்பாலும் கல்சியம் நைத்திரேற்றுத்தான் உருவாகும். பாறையில் மக்னீசியம் இருந்தால் மக்னீசியம் நைத்திரேற்று. பொற்றாசியம் இருந்தால் மட்டுமே உண்மையான வெடியுப்பு. சுண்ணாம்புக்கல்லில் பொற்றாசியம் மிகக் குறைவு. ஆகவே குகையில் தானாக விளைந்த வெடியுப்பு அபூர்வம்.

மூன்றாவது நிபந்தனைதான் மிகக் கடினம். வறட்சி வேண்டும். நைத்திரேற்றுகள் எல்லாமே தண்ணீரில் சட்டென்று கரையும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் குகையில் அவை தங்காது. அலுமாரிக்குள் ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்ன டப்பா வைப்போமே, அதில் இருக்கும் வெள்ளை உருண்டைகள் சில கிழமைகளில் தண்ணீராகிவிடும் இல்லையா? அது கல்சியம் குளோரைட்டு. கல்சியம் நைத்திரேற்றும் அதே குணம் கொண்டது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி, அந்த ஈரத்திலேயே கரைந்துவிடும்.

ஒன்ராறியோவிலும் சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. எகன்வில் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பொனச்சேர் குகைக்கு நீங்கள் போயிருக்கலாம். அது குளிர்காலத்தில் தண்ணீரால் நிரம்பிவிடும். ஒவ்வொரு வசந்தத்திலும் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். ஆண்டுக்கொரு தடவை கழுவப்படும் இடத்தில் வெடியுப்பு எப்படிச் சேரும்?

றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தின் வௌவால் குகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிள்ளைகள் பயந்து கத்துகிற இடம். அது ஜமேக்காவில் உள்ள சென்ட் கிளெயர் குகை என்ற உண்மையான சுண்ணாம்புக் குகையைப் பார்த்துச் செய்தது. பொதுவாக, ஈரமான வெப்பநாட்டுக் குகைகளில் வௌவால் எச்சத்தின் நைத்திரேற்று நீரோடு போய்விடும். எச்சத்தில் உள்ள பொசுபரசு சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து பொசுபேற்றுக் கனிமமாகத் தங்கிவிடும். ஏனென்றால் அது எளிதில் கரையாது. வௌவால் ஒன்றுதான், எச்சமும் ஒன்றுதான். குகையின் ஈரம்தான் எந்தக் கனிமம் மிஞ்சும் என்று முடிவு செய்கிறது.

கென்ரக்கியின் மம்மத் குகை

இப்போது 1812க்குத் திரும்புவோம். அந்தக் காலத்தில் உலகின் மிகச் சிறந்த வெடியுப்பு இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பீகாரிலிருந்து வந்தது. அங்கே அது குகையில் விளையவில்லை. ஊர்களைச் சுற்றியுள்ள மண்ணில், மழைக்குப் பின் வெயில் காயும்போது வெள்ளையாகப் பூத்தது. நோனியா என்ற சமூகத்து மக்கள் அதைச் சுரண்டி எடுத்துக் காய்ச்சினார்கள். 1757இல் பிளாசிப் போரில் வென்ற பிறகு அந்த வியாபாரம் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்குள் வந்துவிட்டது. பிரித்தானியப் படைக்கு வெடியுப்புப் பஞ்சமே இல்லை.

அமெரிக்காவின் நிலைமை வேறு. பிரித்தானியாவோடு சண்டை என்றால் இந்திய வெடியுப்பு வராது. ஆகவே அவர்கள் தங்கள் குகைகளைத் தோண்டினார்கள். அதில் பெயர்பெற்றது மம்மத் குகை. இன்றைக்கு 680 கிலோமீற்றருக்கும் மேல் அளந்து முடித்திருக்கிறார்கள். உலகிலேயே நீளமான குகை அதுதான். அதன் மேல்தளங்கள் நன்றாகக் காய்ந்தவை. அந்த மண்ணில் கல்சியம் நைத்திரேற்று இருந்தது.

அந்த மண்ணை வெட்டியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஏறக்குறைய 70 கறுப்பின மக்கள். விளக்கு வெளிச்சத்தில் மண்ணை வெட்டிப் பெரிய மரத் தொட்டிகளில் நிரப்பினார்கள். துளையிட்ட மரத்தண்டுகளைக் குழாயாகப் பொருத்தி வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் மண்ணில் ஊறி நைத்திரேற்றைக் கரைத்துக்கொண்டு அடியில் வடிந்தது. அந்த நீரை வெளியே ஏற்றி, மரச் சாம்பலோடு சேர்த்துக் காய்ச்சினார்கள்.

அந்தத் தொட்டிகளும் மரக்குழாய்களும் 200 ஆண்டுகளுக்குப் பிறகும் குகைக்குள் அப்படியே இருக்கின்றன. உப்பைக் காப்பாற்றி வைத்த அதே வறட்சிதான் மரத்தையும் உக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

தும்பறை மலையில் ஒரு வைத்தியர்

அதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில், இலங்கையில், கண்டி இராச்சியம் தனியாக நின்றுகொண்டிருந்தது. கரையோரத்தை முதலில் போர்த்துக்கேயர் பிடித்தார்கள். பிறகு ஒல்லாந்தர். பிறகு பிரித்தானியர். மலைநாட்டை மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக யாராலும் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1803இல் பிரித்தானியர் கண்டி நகருக்குள் நுழைந்தும், சில மாதங்களில் அதை இழந்தார்கள்.

ஏன் முடியவில்லை என்று கேட்டால், காடு, மலை, காய்ச்சல் என்று புத்தகங்கள் சொல்லும். அது சரிதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. துறைமுகங்கள் எல்லாம் எதிரியிடம் இருந்தபோதும் கண்டிக்காரரிடம் துப்பாக்கி இருந்தது, அதற்கு மருந்தும் இருந்தது. மருந்துக்கான வெடியுப்பை யாரிடமும் வாங்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அது அவர்களுடைய மலைக் குகைகளிலேயே விளைந்தது.

இதை நாம் அறிவது ஜோன் டேவி என்ற படை வைத்தியரால். சுரங்கத் தொழிலாளருக்கான பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவியின் தம்பி இவர். தம்பியும் நல்ல இரசாயனவியலாளர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தார். நாடு முழுக்கச் சுற்றினார். 1821இல் இலங்கையின் உட்பகுதியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதை இன்று இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நான் அதை வேலைக்குப் போகும் ரயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன்.

டேவி பார்த்த வெடியுப்புக் குகைகளில் ஒன்று தும்பறைப் பகுதியில் மீமுரே கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றைய நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. அங்கே 16 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மழை இல்லாத மாதங்களில் வந்து தங்கிச் செய்கிற வேலை. அரசர் காலத்தில் ஆளுக்கு ஒரு சுமை வெடியுப்பு அரண்மனைக் களஞ்சியத்துக்குக் கொடுக்க வேண்டும். குகைச் சுவரைக் கொத்தி, கற்களைத் தூளாக்கி, மரச் சாம்பலோடு கலந்து, தண்ணீர் ஊற்றி வடித்து, வடிந்த நீரைக் காய்ச்சி ஆறவிட்டு உப்பை எடுத்தார்கள்.

டேவி அந்தப் பாறையில் ஒரு துண்டைப் பகுத்துப் பார்த்தார். நூறு பங்கில் பொற்றாசியம் நைத்திரேற்று 2.4 பங்கு. மக்னீசியம் நைத்திரேற்று 0.7 பங்கு. கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புப் பொருள், 26.5 பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி கரையாத பாறைத்தூள்.

இந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கென்ரக்கியில் கிடைத்தது கல்சியம் நைத்திரேற்று. இங்கே இயற்கையாகவே பொற்றாசியம் நைத்திரேற்று கிடைத்திருக்கிறது. காரணம் பாறை. கண்டி மலைகள் தூய சுண்ணாம்புக்கல் மலைகள் அல்ல. மிகப் பழைய சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெந்து பளிங்காக மாறி, மற்றப் பாறைகளுக்கு இடையே பட்டை பட்டையாக ஓடுகிறது. அந்த மற்றப் பாறைகளில் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உண்டு. அதில் பொற்றாசியம் இருக்கிறது. பெல்ட்ஸ்பார் சிதையும்போது பொற்றாசியம் வெளியே வரும். வெடியுப்புக்கு வேண்டிய பொற்றாசியம் அங்கிருந்துதான் வருகிறது என்று டேவியும் விளக்கினார். நாம் பார்த்த மூன்று நிபந்தனைகளும் அந்தக் குகையில் ஒன்றாகப் பொருந்திவிட்டன.

நைத்திரேற்றை உருவாக்குவது உயிரிகள் என்று டேவிக்குத் தெரிய வாய்ப்பில்லை. அது 1877இல்தான் பிரான்சில் நிறுவப்பட்டது.

சாம்பல் எதற்கு?

இங்கே ஒரு கேள்வி வருகிறது. பாறையில் ஏற்கெனவே வெடியுப்பு இருக்கிறதே. பிறகு எதற்கு அந்த 16 பேரும் மினக்கெட்டுச் சாம்பல் கலந்தார்கள்?

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. அது கரைசலில் உள்ள மக்னீசியம் நைத்திரேற்றோடு சேர்ந்தால் இரண்டும் துணையை மாற்றிக்கொள்ளும். மக்னீசியம் காபனேற்றோடு சேர்ந்து, கரையாத வெள்ளைத் தூளாக அடியில் தங்கிவிடும். நைத்திரேற்று பொற்றாசியத்தோடு சேர்ந்து வெடியுப்பாகிவிடும். டேவியின் 0.7 பங்கு மக்னீசியம் நைத்திரேற்று இப்படி மாறினால் 0.95 பங்கு வெடியுப்புக் கிடைக்கும். 2.4 பங்கு இருந்தது ஏறக்குறைய 3.35 பங்கு ஆகிறது. வெறும் சாம்பலால் விளைச்சல் 40 விழுக்காடு கூடுகிறது.

இதையே வேறு மாதிரிப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வாங்குகிற 20 கிலோ அரிசிப் பை அளவுக்கு வெடியுப்பு வேண்டும் என்று வையுங்கள். ஒரு துளியும் வீணாகாவிட்டாலும், சாம்பல் இல்லாமல் 800 கிலோவுக்கு மேல் பாறையைக் கொத்த வேண்டும். சாம்பல் கலந்தால் 600 கிலோ போதும். இருநூறுக்கும் அதிகமான கிலோ பாறையைக் கையால் கொத்தித் தூளாக்குகிற உழைப்பு மிச்சம்.

இன்னொரு நன்மையும் உண்டு. மக்னீசியம் நைத்திரேற்று ஈரத்தை உறிஞ்சும். அது கலந்திருந்தால் மருந்து நமத்துப்போகும். சாம்பல் அதை அகற்றிவிடுகிறது.

அந்த 16 பேருக்கும் பொற்றாசியம் என்ற பெயர் தெரியாது. உலகத்துக்கே அது புதிய பெயர். பொற்றாசியத்தை முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஹம்ப்ரி டேவிதான், 1807இல். ஆனால் சாம்பல் போட்டால் உப்புக் கூடும், காய்ந்தும் இருக்கும் என்பது கண்டியில் குகையைக் கொத்தியவர்களுக்கு அண்ணன் டேவியைக் கேட்காமலே தெரிந்திருந்தது. கென்ரக்கியில் தொட்டி நிரப்பியவர்களுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு இடத்தாரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டதே இல்லை.

1815 பெப்ரவரியில் ஒரு கிழமை

இந்த இரண்டு குகைகளின் கதையும் ஒரே கிழமையில் திரும்பியது. 1815 பெப்ரவரி 16ஆம் திகதி அமெரிக்க செனட் சமாதான ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. 1812ஆம் ஆண்டுப் போர் முடிந்தது. வெடியுப்பின் விலை விழுந்தது. மம்மத் குகையில் வேலை நின்றது.

இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 18ஆம் திகதி, கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். இவனுடைய இயற்பெயர் கண்ணுசாமி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சம். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசனைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டில் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். உள்ளிருந்த பிரதானிகள் அரசனை விட்டு விலகியதால் கண்டி விழுந்தது. வெடியுப்பு இருந்தால் மட்டும் ஒரு நாடு நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு நூறு ஆண்டுக்குப் பிறகு குகைகளே தேவைப்படவில்லை. 1913இல் ஜெர்மனியில் காற்றிலிருந்தே நைதரசனை எடுத்து அமோனியா செய்யும் தொழிற்சாலை தொடங்கியது. அதிலிருந்து உரமும் செய்தார்கள், வெடிமருந்தும் செய்தார்கள். இன்று உலகத்தில் பாதிப் பேரின் சாப்பாடு அந்த உரத்தை நம்பி இருக்கிறது.

பெயர் இல்லாதவர்கள்

எங்கள் வீட்டில் "வெடி" என்ற சொல் தீபாவளியை மட்டும் நினைவுபடுத்தும் சொல் அல்ல. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். யூலை முதலாம் திகதி கனடா தின வாணவேடிக்கையின்போது என் அம்மா யன்னலை மூடிவிட்டு உள்ளே போய் இருப்பார். ஆகவே இந்தக் கதையை வீரக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. யோர்க்கில் செத்தவர்களும் மனிதர்கள்தான். கண்டிக் காட்டில் செத்த சிப்பாய்களும் மனிதர்கள்தான்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. யோர்க் கோட்டையில் செத்த தளபதி பைக்கின் பெயர் ஒரு மலைக்கு இருக்கிறது. ஜோன் டேவியின் பெயர் அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. அவர் அளந்த 2.4 என்ற எண்ணைக்கூட இருநூறு ஆண்டுக்குப் பிறகு ரொறன்ரோவில் ஒரு ரயிலில் இருந்து நான் படிக்கிறேன். ஆனால் மீமுரேயில் பாறை கொத்திய 16 பேரில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. மம்மத் குகையில் மண் வெட்டிய 70 பேரில் பெரும்பாலானோரின் பெயரும் அப்படித்தான். சாம்பலின் இரகசியம் அவர்கள் கையில் இருந்தது. எழுதுகோல் வேறு கையில் இருந்தது.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்தக் கிழமை அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ, ஊரில் சாம்பலை எதற்கெல்லாம் பயன்படுத்தினீர்கள் என்று கேளுங்கள். பாத்திரம் தேய்த்ததைச் சொல்வார்கள். பல் விளக்கினதைச் சொல்வார்கள். விதைக்குப் பூசியது, பயிருக்குத் தூவியது என்று இன்னும் பல வரும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இரசாயனம் இருக்கும். அதை நீங்கள் பாடசாலையில் கண்டுபிடிக்கலாம். சொன்னதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதும்போது யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும் மறக்காமல் போடுங்கள். பெயரை முழுதாக எழுதுங்கள்.